வரக்கூடாத புள்ளி

வரக்கூடாத எடத்துல ஒரு புள்ளி வந்துச்சு. விசயம் அவ்வளவுதான். ஆனா அந்தப் புள்ளியால என் படிப்பு, எங்கம்மாவோட மானம், எங்க மேடத்தோட பேரு மூனும் ஆட்டம் கண்டுருச்சு.

நான் என்ன வேலை பாத்தேன்னு மொதல்ல சொல்லிடறேன். இல்லாட்டி யாருக்கும் ஒரு மண்ணும் வெளங்காது. நோர்வூட்டுக்குப் பக்கத்துல ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்துல, கூலிக்காரங்களுக்குக் கட்டின வரிசை வீட்டுல பொறந்தவ நான். கண்டிப் பக்கம் கெம்பஸ்ல இரசாயனம் படிச்சு, அங்கயே ஆராய்ச்சிப் பட்டத்துக்கும் சேர்ந்தேன். பிள்ள என்னா படிக்குதுன்னு யாராச்சும் கேட்டா, "கரி படிக்குது"ன்னு அம்மா சொல்லுவாங்க. கேலிக்குச் சொன்னதில்ல. நெசமாவே நான் படிச்சது கரியைப் பத்திதான்.

காபன் வளையம்னு ஒன்னு இருக்கு. மருந்து மாத்திரை செய்யறவங்களுக்கு அந்த மாதிரி ரெண்டு வளையத்தை ஒன்னோட ஒன்னு ஒட்ட வைக்க வேண்டி வரும். சும்மா கலந்து கொதிக்க வச்சா ஒட்டாது. நாள் முழுக்கக் கொதிச்சாலும் அதது தன் பாட்டுக்கு மொகத்தைத் திருப்பிக்கிட்டு நிக்கும். நடுவுல பலேடியம்னு ஒரு உலோகம் இருக்கணும். கல்யாணத் தரகர் மாதிரி ரெண்டையும் சேத்து வச்சுட்டு அது வெலகிக்கும். அதைத்தான் ஊக்கின்னு சொல்றோம். பலேடியம் கெடைக்கறதே அரிது. அதனால அதைக் கண்ணுக்கே தெரியாத நானோத் துணிக்கையா ஆக்கி வேற ஒரு பொருள் மேல ஒட்ட வச்சா, துளியூண்டுலயே நெறைய வேலை வாங்கலாம். வேலை முடிஞ்சதும் வடிகட்டி எடுத்துத் திரும்பவும் போடலாம். அப்படி ஒட்ட வைக்கிற பொருளுக்குத் தாங்கின்னு பேரு. என்னோட தாங்கி தேயிலைக் கரி.

கொழுந்து நிறுக்கிற மடுவத்துல முத்தல் இலையை ஒதுக்கித் தள்ளிடுவாங்க. யாருக்கும் வேணாத இலை. அம்மா கொழுந்து எடுக்கறவங்க, அதனால அந்த இலையை அள்ளிக்கிட்டு வர்றது கஷ்டமில்ல. அதைக் காத்துப் படாம சூடாக்கிக் கரியாக்கறதுக்குத்தான் வழியில்லாமப் போச்சு. எங்க லேப்ல இருந்த உலை பழுதாகிக் கெடந்துச்சு. நாட்டுல டொலர் இல்லாத நேரம், உதிரிச் சாமான் வரும் வரும்னு மாசக் கணக்கா இழுத்தடிச்சாங்க. லீவுக்கு வந்து நான் புலம்பறதைக் கேட்டுட்டு அம்மாதான் சொன்னாங்க.

"ஏன், நம்ம அடுப்புல முடியாதா?"

முடியும்தான். இரும்புச் சட்டியில இலையை அமுக்கி, மூடி போட்டு, சுத்தி வர களிமண்ணால அடைச்சு, வெறகு அடுப்புல அரை நாள் வச்சா கரி தயார். என் ஆராய்ச்சிக்கு வழிகாட்டற மேடத்துகிட்டச் சொன்னேன். அவங்க சிங்களவங்க, கறாரான ஆளு, லேசுல மெச்ச மாட்டாங்க. அவங்களுக்கே அது ரொம்பப் புடிச்சிருச்சு. கிராமத்து அடுப்புலயே செய்யக்கூடிய தாங்கின்னு எழுதிக்கலாம்னாங்க.

மொத தடவை அம்மா கொடுத்த கரியை மோந்து பாத்தா கருவாட்டு வாசம். எனக்குச் சிரிப்பும் வந்துச்சு, எரிச்சலும் வந்துச்சு. "அம்மா, இது கெம்பஸுக்குப் போறது. சட்டிய நல்லா கிளீனா தேச்சுட்டுச் செய்ங்க"ன்னு போன்ல சொன்னேன். அம்மாவுக்கு அது சுருக்குன்னு தைச்சிருக்கு. எங்க லயத்துல ஒரு ஏனம் வீட்டை விட்டு வெளிய போகுதுன்னா அது மொகம் பாக்குற மாதிரி மின்னணும். அடுத்த வீட்டுக்குக் கொழம்பு கொடுத்தனுப்பற கிண்ணமா இருந்தாலும் சரி. கரிப்புடிச்ச ஏனத்தைக் கொடுத்தனுப்பினா, அந்த வீட்டுப் பொம்பளையைப் பத்தி ஒரு வருசத்துக்குப் பேசுவாங்க. அப்பேர்ப்பட்ட எடத்துல பெத்த மகளே கருவாட்டு வாசம்னு சொன்னா எப்படி இருக்கும்?

இதை இங்கயே எழுதி வச்சுடறேன்: தேய்க்கச் சொன்னது நான்தான்.

இப்ப அந்தப் புள்ளிக்கு வர்றேன். எந்தச் சோதனை செஞ்சாலும் பக்கத்துல பிளாங்க்னு ஒன்னு ஓட்டணும். எல்லாம் அதே மாதிரி இருக்கணும், பலேடியம் மட்டும் இருக்கக் கூடாது. வெறும் கரி. அதுல ஒன்னும் நடக்கக் கூடாது. ஒன்னும் நடக்கலன்னாதான், மத்ததுல நடந்தது பலேடியத்தாலன்னு தைரியமாச் சொல்லலாம். முடிஞ்சதும் சின்ன வெள்ளைத் தகட்டுல ஒரு துளி வச்சு, ஊதாக்கதிர் வெளக்குக்கு அடியில புடிச்சுப் பாப்போம். வளையம் ரெண்டும் ஒட்டியிருந்தா தனியா ஒரு புள்ளி தெரியும்.

மொத கரியில பிளாங்க் சுத்தம். ரெண்டாவது கரியில மங்கலா ஏதோ தெரிஞ்ச மாதிரி இருந்துச்சு. என் கண்ணுதான் சரியில்லன்னு விட்டுட்டேன். மூனாவது கரியில புள்ளி தெளிவா வந்துச்சு. நாலாவதுல, ஐயோ, பலேடியம் போட்டதுக்கும் போடாததுக்கும் பெருசா வித்தியாசமே இல்ல. வெளக்கை அணைச்சுட்டு மறுபடியும் போட்டுப் பாத்தேன். புள்ளி அங்கயே இருக்கு.

நான் ஒன்னும் கண்ணை மூடிக்கிட்டு நம்பிடல. கலக்குறதுக்குப் போடுற காந்தக் குச்சியில பழைய பலேடியம் ஒட்டியிருக்கலாம். அது இந்த வேலையில எல்லாருக்கும் தெரிஞ்ச வில்லங்கம். புதுக் குச்சி போட்டேன். கண்ணாடிச் சாமானையெல்லாம் அமிலத்துல ஊற வச்சேன். மருந்துப் போத்தல் எல்லாத்தையும் புதுசாத் தெறந்தேன். அப்பவும் புள்ளி வந்துச்சு. கெம்பஸ்ல இருந்த மெஷின்ல கரியைக் கொடுத்துப் பாத்தோம். பலேடியம் இல்லன்னு வந்துச்சு. ரொம்பக் கொறவா இருந்தாலும் அந்த மெஷின் இல்லன்னுதான் சொல்லும். அது எனக்குத் தெரியும். தெரிஞ்சும் தெரியாத மாதிரி இருந்துட்டேன்.

மேடம் வந்து தகட்டைப் பாத்தாங்க. போயிட்டாங்க. திரும்ப வந்து பாத்தாங்க. அப்புறம் ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காந்துட்டாங்க.

"இது நெசம்னா உனக்கு வெளங்குதா?"ன்னு கேட்டாங்க.

வெளங்குச்சு. உலகமே பலேடியத்துக்கு அலையுது, இங்க யாரும் சீந்தாத முத்தல் இலைக் கரி உலோகமே இல்லாம அந்த வேலையைச் செய்யுது! எனக்குத் தலகால் புரியல. ஒவ்வொரு கரியும் முந்தினதை விட நல்லா வேலை செய்யறதுக்கு ஒரு காரணமும் கண்டுபுடிச்சேன். மழைக்கால இலை, வெயில் கால இலைன்னு ஒரு கதை கட்டி, அதுக்கு ஒரு அழகான படமும் வரஞ்சேன். அந்தப் படத்தை இப்பப் பாத்தா எனக்கு நாக்கைப் புடுங்கிக்கலாம் போல இருக்கு.

கட்டுரை எழுதி ஒரு சஞ்சிகைக்கு அனுப்பினோம். எனக்கு ஏற்கனவே ஒரு தடவை காலம் நீட்டிக் கொடுத்திருந்தாங்க. இன்னொரு தடவை கெடையாதுன்னு கண்டிப்பாச் சொல்லிட்டாங்க. அந்தக் கெடுவுக்குள்ள ஆய்வறிக்கையைக் கொடுத்தாத்தான் பட்டம், இல்லாட்டி அத்தனை வருசமும் பாழ். அறிக்கையில பெரிய அத்தியாயமே இந்தப் புள்ளிதான்.

ஊர்ல அதுக்குள்ள விசயம் பரவிருச்சு. அம்மா காலையில பெரட்டுக் களத்துல வேலைக்குப் பேர் கொடுக்கப் போறப்ப, மேற்பார்வை பாக்குற கண்டாக்கு ஐயாவே கூப்பிட்டு விசாரிச்சாராம். கோயில் திருவிழாவுல மைக்ல வேற சொல்லிட்டாங்க, நம்ம தோட்டத்து இலையில இருந்து மருந்து செய்யப் போறாங்கன்னு. நான் அப்படிச் சொல்லவே இல்ல. ஆனா அம்மா போன்ல அதைச் சொல்லிச் சிரிச்சப்ப, இல்லன்னு சொல்ல எனக்கு மனசு வரல. ஒதுக்கித் தள்ளின இலைய நான்தானே அள்ளியாந்தேன்னு நாலு தடவை சொன்னாங்க.

சஞ்சிகையில இருந்து பதில் வந்துச்சு. யாருன்னு தெரியாத ஒருத்தர் மரியாதையா ஒரே ஒரு விசயம் கேட்டிருந்தாரு. வேற எடத்துல, வேற ஏனத்துல கரி செஞ்சும் இது வருதான்னு காட்டுங்க. அவ்வளவுதானேன்னு நெனச்சேன். அந்த நேரம் பாத்து உலையும் சரியாகியிருந்துச்சு. ஒரு சாக்கு முத்தல் இலையை நோர்வூட்டுல இருந்து பஸ்ல ஏத்திக்கிட்டு வந்து, புதுக் குடுவையில போட்டுக் கரியாக்கினேன். பிளாங்க் ஓட்டினேன். தகட்டை வெளக்குக்கு அடியில புடிச்சேன்.

ஒன்னும் இல்ல. வெறும் தகடு.

உலைச் சூடு பத்தலன்னு சூட்டைக் கூட்டினேன். இல்ல. இலை பஸ்ல வாடிப்போச்சுன்னு வேற இலை கொண்டாந்தேன். இல்ல. அம்மா செய்யறப்ப வருது, நான் செஞ்சா வரல. அப்படின்னா அம்மா ஏதோ ஒன்னை வேற மாதிரி செய்யறாங்க. போய்க் கண்ணால பாத்துட்டு வர்றேன்னு பஸ் ஏறினேன்.

லயத்துக்குக் கீழ பாறையில இருந்து தண்ணி விழற பீலி இருக்கு. குளிக்கிறது, தொவைக்கிறது, ஏனம் கழுவறது எல்லாம் அங்கதான். ஞாயித்துக்கெழமை பகல், பொம்பளைங்க நாலஞ்சு பேரு நின்னுக்கிட்டிருந்தாங்க. அம்மா குந்தி உக்காந்து அந்த இரும்புச் சட்டியைத் தேச்சுக்கிட்டிருந்தாங்க. எனக்குத்தான். அடுத்த கரிக்கு. சட்டி வெள்ளி மாதிரி மின்னுது.

"பாத்தியா, இப்ப எங்க இருக்கு உன் கருவாட்டு வாசம்?"னாங்க என்னைக் கண்டதும்.

பக்கத்துல ஒரு பால்மா டின். அதுக்குள்ள சாம்பல் நெறத்துல ஒரு தூள். ஆனா சாம்பல் இல்ல, நறநறன்னு இருந்துச்சு.

"இது என்னாம்மா?"

"அதுவா? அப்பா கராஜ்ல இருந்து கொண்டாந்தாரு. தேன்கூட்டுக் கல்லு. நுணுக்கித் தேச்சா எப்பேர்ப்பட்ட கரியும் கழண்டுரும். கோயில் குத்துவெளக்குக் கூட இதுலதான் தேச்சோம்."

டின்னுக்குள்ள கையை விட்டேன். அடியில நுணுங்காத ஒரு துண்டு கெடந்துச்சு. எடுத்து வெயில்ல புடிச்சுப் பாத்தேன். சின்னச் சின்ன சதுர ஓட்டை, வரிசை வரிசையா, தேன்கூடு மாதிரி.

அது என்னான்னு எனக்குத் தெரியும். கார் சைலன்சர் குழாய்க்குள்ள பொகையைச் சுத்தமாக்க வைக்கிற கல்லு. அந்த ஓட்டைங்களோட சுவர் பூராவும் பலேடியம் பூசியிருக்கும். உலகத்துல எடுக்கற பலேடியத்துல பெரும்பங்கு வாகனப் பொகைக் குழாய்க்குத்தான் போகுது. இதை யாரோ எனக்குச் சொல்லித் தரல. என் ஆய்வறிக்கையோட மொத வரியே அதுதான். நானே எழுதின வரி. அப்பா ஹட்டன்ல ஒரு கராஜ்ல வேலை பாக்குறாருன்னு பதினஞ்சு வருசமா எனக்குத் தெரியும். ரெண்டையும் ஒன்னாச் சேத்துப் பாக்க எனக்குப் புத்தி இல்லாமப் போச்சு.

மொத தடவை அம்மா தேச்சது சாம்பலால. கருவாட்டு வாசம்னு நான் சொன்னப்புறம்தான் இந்தத் தூளுக்கு மாறியிருக்காங்க. மகள் மறுபடியும் கொறை சொல்லிடக் கூடாதுன்னு ஒவ்வொரு தடவையும் இன்னும் அழுத்தித் தேச்சிருக்காங்க. சட்டி கீறக் கீற, கீறலுக்குள்ள தூள் போய் உக்காந்திருக்கு. மழைக்கால இலையாம், வெயில் கால இலையாம்! மண்ணாங்கட்டி.

அப்ப நான் ஒன்னு செஞ்சேன். எழுதவே கை கூசுது. கத்தினேன்.

"யாரக் கேட்டு இந்தக் குப்பையப் போட்ட நீ? என் படிப்பையே நாசமாக்கிட்டியே!"

நீன்னு சொல்லிட்டேன். என் வாழ்க்கையில மொத தடவையா அம்மாவை நீன்னு சொன்னது அன்னைக்குத்தான், அதுவும் அத்தனை பேருக்கு முன்னால. பக்கத்து வீட்டு அக்கா, "அடியே, அம்மாவப் போயி..."ன்னு ஆரம்பிச்சு, முடிக்காம நிறுத்திட்டாங்க. அம்மா எந்திரிச்சு நின்னாங்க. ரெண்டு கையிலயும் சாம்பல் நெறம் முழங்கை வரைக்கும் இருந்துச்சு.

"நீதானடி கிளீனா தேய்க்கச் சொன்ன"ன்னாங்க.

கோவமாச் சொல்லல. நெசமாவே வெளங்காமத்தான் கேட்டாங்க. என் நோட்டுப் புத்தகத்துல எந்த அமிலம், எந்தப் போத்தல், எத்தனை மணிக்குத் தெறந்தேன்னு எல்லாம் எழுதி வச்சிருக்கேன். சட்டியை எதால தேச்சீங்கன்னு அம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டதில்ல. கிளீன்னா கிளீன்தானேன்னு இருந்துட்டேன்.

சாயந்தரம் அப்பா வந்தாரு. டின்னைக் காட்டினேன். அந்தக் கல்லு இருக்கற கன்வேட்டர் பெட்டியை ஒடைக்கிறப்ப நொறுங்கித் தரையில கொட்டறதை அள்ளிக்கட்டுமான்னு மொதலாளியக் கேட்டாராம், குப்பைதானே எடுத்துக்கன்னு அவர் சொன்னாராம். அதுல பலேடியம் இருக்குன்னு சொன்னதும் டின்னைக் கையில வாங்கிப் பாத்தாரு.

"நான் பாட்டுக்கு மகளுக்கு ஒதவட்டும்னு நெனச்சேன்"னாரு. அம்மா உள்ள அடுப்படியில இருந்தாங்க, வெளிய வரவே இல்ல.

கோயில் பாறை மேல ஏறினாத்தான் எங்க பக்கம் போன் பேசலாம். ஏறி நின்னு மேடத்துக்குச் சொன்னேன்.

"சட்டியைக் கழுவிட்டாங்களா?"ன்னு கேட்டாங்க.

"பாதி தேச்சிருக்காங்க மேடம்."

"இனி யாரும் தொட வேணாம். சட்டியையும் டின்னையும் அப்படியே கொண்டு வா. கட்டுரையை நான் இப்பவே திரும்ப வாங்கிக்கறேன்."

ஒரு வார்த்தை ஏசல. ஏசியிருந்தா நான் அழுதுட்டுப் போயிருப்பேன். வேற எடத்துல இருந்த பெரிய மெஷின்ல தூள், சட்டியில சொரண்டின துருவல், பழைய கரி எல்லாத்தையும் கொடுத்தோம். மூனுலயும் பலேடியம் இருந்துச்சு. தூள்ல இருந்த அளவைப் பாத்துட்டு மெஷின்காரரே திகைச்சுப் போயி, இது எங்க கெடச்சதுன்னு கேட்டாராம். பாத்திரம் தேய்க்கிற தூள்னு மேடம் சொல்லியிருக்காங்க. அந்த மனுசன் அதை நம்பவே இல்லையாம்.

அப்புறம் எங்க துறையில எல்லாரும் கூடுற கூட்டத்துல நான் எந்திரிச்சு நின்னு சொல்ல வேண்டி வந்துச்சு. நாங்க சொன்னது பொய், தேயிலைக் கரி தனியா ஒன்னும் செய்யல, எங்க வீட்டுச் சட்டியில பலேடியம் இருந்துச்சு. சொல்லி முடிக்கிறதுக்குள்ள பின்னால யாரோ சிரிச்சாங்க. மானம் கப்பலேறிருச்சு. வெளிய வந்ததும் ஒருத்தர் கிட்ட வந்து, உங்கம்மாதான் நெசமான தாங்கின்னு அழகா ஒரு வசனம் சொன்னாரு. எனக்கு வந்த கோவத்துக்கு அளவே இல்ல. அம்மா ஒன்னும் உவமானம் இல்ல. அங்க வீட்டுல அவங்க எங்கூடப் பேசாம ரெண்டு வாரமாச்சு.

கெடு நெருங்கிக்கிட்டே வந்துச்சு. அறிக்கை பொழைக்க ஒரே ஒரு வழிதான் இருந்துச்சு, மேடம்தான் சொன்னாங்க. அதே இலை, அதே அடுப்பு, அதே ஆளோட கை. தூள் மட்டும் இல்லாம, புதுச் சட்டியில. அந்தக் கரியோட பிளாங்க்ல ஒன்னும் வரக் கூடாது. அதே கரி மேல பலேடியம் ஏத்தினா வரணும். அப்படி வந்தா பழி தூள் மேல, கரி நல்ல தாங்கின்னு எழுதிக்கலாம். பிளாங்க்ல மறுபடியும் புள்ளி வந்துச்சுன்னா, வேற எங்கயோ இன்னும் அழுக்கு இருக்கு, தேடறதுக்கு நேரம் இல்ல, எல்லாம் முடிஞ்சுச்சு.

அதே ஆளோட கைன்னா அம்மாவோட கை. வீட்டுக்குப் போனேன். என்ன சொல்றதுன்னு பஸ்ல பூராவும் மனப்பாடம் பண்ணிக்கிட்டுப் போனேன். வாசல்ல அம்மாவைக் கண்டதும் எல்லாம் மறந்துருச்சு.

"மன்னிச்சுக்குங்கம்மா. தப்பு என்னோடது"ன்னேன்.

"என் கை பட்டா எல்லாம் கெட்டுப் போகும். வேற யாரயாச்சும் வச்சுச் செஞ்சுக்க."

"உங்க கைதான் வேணும்மா. வேற யார் செஞ்சாலும் கணக்குல வராது."

அம்மா மொகத்தைத் திருப்பிக்கிட்டாங்க. நானும் படியிலயே உக்காந்துட்டேன். தேத்தண்ணி கொண்டாந்து பக்கத்துல வச்சுட்டு உள்ள போனாங்க. போய்ட்டுத் திரும்பி வந்தாங்க.

"தூள் போடாமச் செஞ்சா போதுமா?"

"தூள் பட்ட தேங்காத் தும்பு, துணி எதுவும் அந்தச் சட்டிகிட்ட வரக் கூடாதும்மா. இது முடியிற வரைக்கும் வீட்டுல எதையும் தேய்க்காம இருந்தா இன்னும் நல்லது. சும்மா தண்ணி ஊத்தி அலசினா போதும்."

சொல்றப்ப அது ஒரு பெரிய விசயமா எனக்குத் தெரியல. பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு கெளம்பிட்டேன்.

அடுத்த வாரம் ஹட்டன் பஸ் ஸ்டாண்டுல வந்து கொடுக்கிறேன்னாங்க. நான் கண்டி பஸ்ல வந்து எறங்கி நிக்கிறேன். ஞாயித்துக்கெழமை, தெரிஞ்ச சனம் பூரா டவுன்லதான். அந்தக் கூட்டத்துல அம்மா வர்றாங்க. நல்ல சேலை கட்டி, பூ வச்சு, ரெண்டு கையாலயும் ஒரு மண்சட்டியை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு. சட்டி அடியில இருந்து வாய் வரைக்கும் கன்னங்கரேல்னு அடுப்புக் கரி. ஒரு துணி போட்டு மூடக் கூட இல்ல. துணியில தூள் இருந்துருமோன்னு பயம். கரி சேலையில அப்பியிருக்கு. எங்க தோட்டத்து ஆளுங்க ரெண்டு பேரு, "என்னாக்கா, சட்டிய இப்படியே தூக்கிக்கிட்டு வர்றீங்க?"ன்னு கேட்டுச் சிரிச்சாங்க. அம்மா தலையைக் குனிஞ்சுக்கிட்டே வந்து எங்கிட்டக் கொடுத்தாங்க.

"தொடவே இல்லடி. தண்ணி ஊத்தினதோட சரி"ன்னாங்க. கண்ணு கலங்கியிருந்துச்சு. ஏனம் மின்னலன்னா வீட்டை விட்டு வெளிய அனுப்பாத மனுசி. பஸ்காரன் வேற ஹோன் அடிக்கிறான், சட்டிய வாங்கிக்கிட்டு ஏறிட்டேன்.

லேப்ல களிமண் அடைப்பை நானே ஒடச்சேன். கரியை ரெண்டாப் பிரிச்சு, ஒரு பாதி மேல பலேடியம் ஏத்தினேன், அதுக்கே ரெண்டு வாரம் போச்சு, மத்தப் பாதியை வெறுமனே வச்சேன். ரெண்டையும் ஒரே நேரத்துல ஓட்டினேன். மேடம் பக்கத்துல வந்து நின்னாங்க. மொதல்ல பலேடியம் ஏத்தினதோட தகடு. புள்ளி பளிச்சுன்னு இருந்துச்சு. அடுத்தது பிளாங்க். வெளக்குக்கு அடியில புடிச்சேன்.

வெறும் தகடு. திருப்பிப் பாத்தேன், சாய்ச்சுப் பாத்தேன். ஒன்னும் இல்ல. மேடம் என் கையில இருந்து வாங்கி அவங்களும் பாத்தாங்க. "போய் அம்மாவுக்குச் சொல்லு"ன்னாங்க.

அப்பாவோட போனுக்கு அடிச்சேன். அம்மா பாறை மேலயே உக்காந்திருந்தாங்களாம், காலையில இருந்து.

"அம்மா, ஒன்னும் வரல"ன்னேன்.

"மறுபடியுமா? நான் தொடவே இல்லையேடி, சாமி சத்தியமா..."

ஐயோ, நான் சொன்ன அழகு அப்படி! "இல்லம்மா, இல்லம்மா. ஒன்னும் வரலன்னாதான் சரி. நாம கேட்டதே அதுதான். நான் பாஸ்மா."

"அப்ப நம்ம இலையில ஒன்னும் இல்லயா?"

எத்தனை பேருகிட்ட அதைப் பெருமையாச் சொல்லியிருப்பாங்க. பொய் சொல்ல எனக்கு இனிமே தெம்பு இல்ல. "தனியா ஒன்னும் இல்லம்மா. ஆனா பலேடியத்த ஏத்தினா விடாமப் புடிச்சு வச்சுக்குது. அது நெசம்"னேன்.

பின்னால அப்பா என்னாவாம் என்னாவாம்னு கேட்டுக்கிட்டிருந்தாரு. அம்மா அவருக்குப் பதில் சொல்லல. கொரலைத் தாழ்த்தி எங்கிட்டக் கேட்டாங்க.

"அப்ப இனிமே ஏனத்தத் தேய்க்கலாமாடி? மூனு வாரமா சோத்துப் பான கூட கரியோடதான் கெடக்கு. வாசல்ல யாராச்சும் வந்தா எனக்கு உள்ள ஓடி ஒளியத் தோணுது."

சும்மா அலசினா போதும்னு நான் பஸ்ஸுக்கு ஓடுற அவசரத்துல சொன்ன ஒரு வார்த்தை. அதுக்காக மூனு வாரம் அந்த மனுசி வீட்டுல ஒரு கரண்டியைக் கூடத் தேய்க்கல.

"தேய்ங்கம்மா. சாம்பல் போட்டு..."ன்னு ஆரம்பிச்சேன். மேடம் இருந்தாங்க, லேப்ல பிள்ளைங்க இருந்தாங்க. போனைக் காதுல வச்சுக்கிட்டே அழுதேன்.